டிஸ்க் பேட் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? கிலோமீட்டரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: 150 சிசி பைக், முன்னும் பின்னும் டிஸ்க், மீட்டரில் 22,000 கிலோமீட்டர். தினமும் கோயம்புத்தூருக்குள்ளேயே வேலைக்குப் போய் வருவது, அவ்வப்போது வால்பாறை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் முன்னும் பின்னும் பேட் (சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை), கூடவே இரண்டு டிஸ்க்கும் மாற்றியாக வேண்டும் என்கிறார்கள். ஆனால் நண்பர் ஒருவர் 40,000 வரை பேடையே தொடவில்லை என்கிறார், இன்னொருவருக்கு 9,000-லேயே தீர்ந்துவிட்டதாம். இதில் யார் சொல்வது சரி?

இரண்டு நண்பர்களும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். சர்வீஸ் ஆள் சொல்வதில் பாதி சரியாக இருக்கலாம். மீதிப் பாதியை, அதாவது டிஸ்க் விஷயத்தை, அளந்து காட்டச் சொல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் எண் கேட்டவர்களுக்கு எண். நம் ஊர் 150, 200 சிசி பைக்குகளில் கம்பெனி பொருத்தித் தரும் முன் பேட் சாதாரணமாக 15,000 முதல் 25,000 கிலோமீட்டர் வரை வரும். நெரிசலில் மட்டுமே ஓட்டுபவருக்கு 10,000-லும் தீரலாம், நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகிறவருக்கு 30,000 தாண்டியும் நிற்கலாம். டிஸ்க் அப்படியல்ல, அது இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு செட் பேடைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகும். 22,000-ல் ஒரு டிஸ்க் தேய்ந்து தீர்ந்துவிட்டது என்றால் பேட் முழுக்கத் தேய்ந்து இரும்பு இரும்போடு உரசியிருக்க வேண்டும், அல்லது ஏதோ மட்டமான பேட் போட்டிருக்க வேண்டும். இரண்டுமே இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

இப்போது இந்த எண்களை மறந்துவிடுங்கள். பேடுக்குக் கிலோமீட்டர் தெரியாது. எத்தனை தடவை, எந்த வேகத்திலிருந்து, எவ்வளவு எடையை நிறுத்தினோம் என்பதுதான் அதன் கணக்கு. 60-ல் போகும் பைக்கை நிறுத்துவதை எடுத்துக்கொள்வோம். வண்டி 150 கிலோ, ஆள் 70 கிலோ, மொத்தம் 220 கிலோ. அந்த வேகத்தில் அதற்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 30 கிலோஜூல். 80-ல் போனால் 54 கிலோஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, பிரேக் தின்ன வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய இரட்டிப்பு. வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் கணக்கு இது, பள்ளிக்கூட இயற்பியல்தான். அதனால் சிக்னலுக்குச் சிக்னல் 40 வரை முறுக்கிவிட்டு நிற்பவரைவிட, காலி ரோட்டைப் பார்த்ததும் 80-ஐத் தொட்டுவிட்டு அடுத்த வேகத்தடையில் அமுக்கிப் பிடிப்பவருக்கு பேட் சீக்கிரம் போகும். 40,000 ஓட்டிய நண்பர் அநேகமாகத் தூரத்திலேயே சிவப்பு விளக்கைப் பார்த்து ஆக்சிலரேட்டரை விடுகிற ஆளாக இருப்பார். ஒன்பதாயிரக்காரர் எப்படி ஓட்டுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மலைக்கு வருவோம். வால்பாறையிலிருந்து ஆழியாறு பக்கம் 40 கொண்டை ஊசி வளைவு. மொத்தம் ஒரு 800 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொண்டால், அதே 220 கிலோவுக்கு அந்த இறக்கம் தரும் ஆற்றல் சுமார் 1,700 கிலோஜூல். 60-லிருந்து ஐம்பத்தைந்து தடவைக்கு மேல் முழுதாக நிறுத்துவதற்குச் சமம் அது. காற்றும் இன்ஜினும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சமெல்லாம் பேட் தலையில்தான். பின்னால் ஒருவர் உட்கார்ந்து பையும் கட்டியிருந்தால் இன்னும் கூடும். மூன்றாவது அல்லது இரண்டாவது கியரில் இன்ஜினைப் பிடிக்க வைத்து இறங்குபவருக்கும், கிளட்சைப் பிடித்தோ நியூட்ரலில் போட்டோ பெட்ரோல் மிச்சம் என்று உருள்பவருக்கும் ஒரே பயணத்தில் பேட் தேய்மானம் பல மடங்கு வித்தியாசப்படும். கொல்லிமலையின் 70 வளைவில் நியூட்ரலில் இறங்குகிற ஆட்களை இன்றைக்கும் பார்க்கலாம். கீழே வந்ததும் டிஸ்க்கிலிருந்து எழும் தீய்ந்த வாடையே சொல்லிவிடும்.

அந்த வாடைக்குக் காரணம் பேடுக்குள் இருக்கும் பிசின். பேட் என்பது ஓர் இரும்புத் தகட்டில் ஒட்டிய உராய்வுப் பொருள். சாதா பேடில் நார், ரப்பர், உலோகத் துகள், தாதுப்பொடி எல்லாவற்றையும் ரெசின் என்கிற அந்தப் பிசின் போட்டு இறுக்கியிருப்பார்கள், இதை ஆர்கானிக் என்பார்கள். உலோகம் கூடுதலாகச் சேர்த்தால் செமி மெட்டாலிக். பிசினே இல்லாமல் செம்பு முதலிய உலோகப் பொடியை அழுத்திச் சூடேற்றி ஒன்றாக்கியது சின்டர்டு. ஆர்கானிக் மென்மையாகப் பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்கைப் பதமாக நடத்தும், சீக்கிரம் தேயும். சூடு ஏறினால் பிசின் ஆவியாகிப் பிடி தளரும். சின்டர்டு மழையிலும் சூட்டிலும் நன்றாக நிற்கும், கூடுதல் தூரம் வரும், ஆனால் விலை அதிகம், டிஸ்க்கையும் கொஞ்சம் அதிகமாகச் சுரண்டும். எது நல்லது என்று கேட்டால், தினசரி ஊருக்குள் ஓடும் 150 சிசிக்கு கம்பெனி போட்டுக் கொடுத்த வகையே போதும். அதை விட்டு சின்டர்டு போடுகிறவர்களில் பாதிப்பேர் யூடியூப் பார்த்துவிட்டுப் போடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மாதாமாதம் மலை ஏறி இறங்குகிறீர்கள், 200 சிசிக்கு மேல், கூடவே ஆளும் சுமையும் என்றால் அப்போது யோசிக்கலாம். அதற்கு முன்னால் உங்கள் டிஸ்க் சின்டர்டு பேடுக்கு ஏற்றதுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சில பேடுகளின் பின்பக்கம் அல்லது ஓரத்தில் ஹெச்ஹெச், ஜிஜி, எஃப்எஃப் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில் எவ்வளவு என்பதைக் குறிக்கும். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55, ஹெச் அதற்கு மேல். இது பிடியைப் பற்றிய எழுத்து, ஆயுளைப் பற்றியதல்ல. கடைக்காரர் "ஹெச்ஹெச் சார், ரொம்ப நாள் உழைக்கும்" என்றால் சிரித்துவிட்டு வாருங்கள்.

டூப்ளிகேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையிலேயே பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரில் ரானே என்று பிரேக் உராய்வுப் பொருள் செய்யும் கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. நல்ல பேடுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பெயர் தெரியாத அட்டைப்பெட்டியை வாங்குவதில் அர்த்தமில்லை. மட்டமான பேட் சீக்கிரம் தேய்ந்தால்கூடப் பரவாயில்லை. அது கல்லாக இருந்து டிஸ்க்கைத் தின்னும், அல்லது ஒட்டு விட்டு இரும்புத் தகட்டிலிருந்து பெயர்ந்து வரும். இரண்டாவது நடக்கும்போது நீங்கள் பைக்கில் உட்கார்ந்திருப்பீர்கள்.

சரி, பேடைப் பார்ப்பது எப்படி. கழற்ற வேண்டியதில்லை. பைக்கை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் காலிப்பருக்கு (பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) கீழேயோ பின்னாலிருந்தோ குனிந்து, கைபேசி டார்ச்சை அடியுங்கள். நடுவில் டிஸ்க், அதன் இரு பக்கமும் ஒட்டினாற்போல் கருப்பாகவோ பழுப்பாகவோ பேட் பொருள், அதற்கு வெளியே இரும்புத் தகடு. மூன்றும் தனித்தனியாகத் தெரியும். புதிதில் அந்தக் கருப்புப் பகுதி பெரும்பாலும் நான்கு, ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். பல பேடுகளில் நடுவிலோ ஓரத்திலோ ஒரு பள்ளக்கோடு வெட்டியிருப்பார்கள். அந்தக் கோடு மறைந்துவிட்டால் பேட் முடிந்தது என்று அர்த்தம். கோடு இல்லாத பேடில் ஒரு மில்லிமீட்டரைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரையிலேயே மாற்றிவிட்டால் நிம்மதி. ஒன்றிலிருந்து பூஜ்யம் வரை ஓட்டி மிச்சமாகும் பணம் ஒரு சாப்பாட்டுக்குக்கூட வராது. அந்த மெல்லிய அடுக்கு சூட்டைத் தடுக்காமல் பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் நேராகக் கடத்தும். தீர்ந்த பிறகு தகடு டிஸ்க்கில் உரசினால் சில நூறு ரூபாய் வேலை சில ஆயிரம் ஆகிவிடும்.

பார்க்கும்போது இரண்டு பேடையும் பாருங்கள். வெளிப் பேடை மட்டும் பார்த்து "இன்னும் நிறைய இருக்கு" என்று எழுந்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. நம் பைக்குகளில் பெரும்பாலானவை ஃப்ளோட்டிங் காலிப்பர், பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். பிஸ்டன் ஒரு பேடைத் தள்ளும், எதிர்விளைவாகக் காலிப்பரே நகர்ந்து மறு பேடை இழுத்துக்கொண்டு வரும். அந்த நகர்வு இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நடக்கிறது. அந்த ஸ்லைடு பின்கள் துருப்பிடித்தாலோ கிரீஸ் காய்ந்தாலோ காலிப்பர் நகராது. அப்போது பிஸ்டன் பக்கப் பேட் மட்டும் வேலை செய்து தீரும், மறு பேட் புதிது போலவே இருக்கும். சில சமயம் ஒரே பேட் மேலே தடிப்பாகவும் கீழே மெலிந்தும், ஒருச்சாய்த்து நடப்பவர் செருப்பு மாதிரி, சாய்வாகத் தேய்ந்திருக்கும். இப்படி ஒரு பேட் கையில் கிடைத்தால் குற்றவாளி பேட் அல்ல. புதுப் பேட் மாட்டினால் அதுவும் அப்படியே போகும்.

ஒன்பதாயிரத்தில் தீர்ந்த பேடுகளை நான் கழற்றிப் பார்த்தவரை ஓட்டும் முறையைவிடக் காலிப்பர் சிக்கிக்கொள்வதுதான் பெரிய காரணம். பேட் தேய்வதில்லை, தேய்க்கப்படுகிறது: லீவரை விட்ட பிறகும் ஓயாமல். பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் சீல் உண்டு. லீவரை அழுத்தும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது சற்று முறுக்கிக்கொள்ளும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுக்கும். டிஸ்க் பிரேக்கில் ரிடர்ன் ஸ்பிரிங் இல்லாமலே பேட் விலகுவது இதனால்தான். பிஸ்டனின் வெளியே நீட்டிய பகுதியில் பேட் தூசியும் சேறும் காய்ந்து பக்காகப் படிந்துவிட்டால் சீலால் இழுக்க முடியாது. பேட் எப்போதும் டிஸ்க்கில் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். சோதிப்பது எளிது: முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக் கையால் சுழற்றுங்கள். மெல்லிய "ஷ்ஷ்" சத்தத்தோடு இரண்டு சுற்றாவது போக வேண்டும். கையை எடுத்ததும் நின்றால் பிடித்துக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு வந்து டிஸ்க்குக்கு அருகில் கையைக் கொண்டுபோனாலும் தெரியும் (தொட வேண்டாம், தோல் உரியும்).

சரிசெய்வதும் பெரிய வித்தையல்ல. பேடைக் கழற்றி, லீவரை மிக மெல்ல அழுத்தி பிஸ்டனைச் சில மில்லிமீட்டர் மட்டும் வெளியே வரவைத்து, பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் அல்லது பிரேக் கிளீனரும் போட்டுச் சுற்றித் தேய்க்க வேண்டும். பளபளவென்று உலோகம் தெரிந்த பிறகுதான் உள்ளே தள்ள வேண்டும். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் கூடாது, ரப்பர் உப்பிப்போகும். ஸ்லைடு பின்னுக்கு பிரேக் கிரீஸ் அல்லது சிலிகான் கிரீஸ், பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் அல்ல. லீவரைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் பிஸ்டன் பிதுங்கி வெளியே விழுந்து ஆயில் கொட்டும், ஆகவே கை பழகாதவர்கள் பட்டறையில் செய்துகொள்வதே நல்லது. ஆனால் "கிளீன் பண்ணி கிரீஸ் போட்டீங்களா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேட் மாற்றும் வேலையில் அதிகம் விட்டுப்போவது இந்தப் பத்து நிமிடம்தான்.

வாட்டர் சர்வீஸ் கடையில் கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசலையும் ஆயிலையும் கலந்து வண்டிக்கு அடியில் பீய்ச்சுவார்கள், தெரியும்தானே. அது டிஸ்க்கில் பட்டால் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் துடைத்தாலும் போகாது. செயின் லூப் தெளித்தது பின் டிஸ்க்கில் படுவது, முன் ஃபோர்க் ஆயில் சீல் ஒழுகி முன் டிஸ்க்குக்கு இறங்குவது, எல்லாம் ஒரே கதைதான். ஆயில் குடித்த பேடை அடுப்பில் சுட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், அந்தப் பேடுக்கு ஆயுள் அவ்வளவுதான். ஃபோர்க் ஒழுகினால் முதலில் சீல், பிறகு பேட். இந்த வரிசை மாறினால் இரண்டு செட் பேடுக்குக் காசு.

பின் பேட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிறுத்தும்போது எடை முன்னுக்குப் போவதால் உண்மையான வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. ஆகவே முன் பேட்தான் முதலில் தீர வேண்டும். ஆனால் நம் ஊரில் பலருக்குப் பின் பேட் முதலில் போகிறது. முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று சைக்கிள் காலத்திலிருந்து சொல்லி வளர்த்தது ஒரு காரணம், காலை எப்போதும் பெடல் மேலேயே ஊன்றி வைப்பது இன்னொன்று. பின் பேட் அளவிலேயே சின்னது, சக்கரம் வாரியடிக்கும் சேறும் மணலும் நேராக அங்கேதான் போகும். மழைக்காலத்தில் மண் தண்ணீரோடு சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும், செம்மண் ரோட்டில் தினமும் போகிறவர்களுக்கு ஒரே மழைக்காலத்தில் பாதிப் பேட் காணாமல் போவதுண்டு. பின் பேட் முன் பேடைவிட வெகு சீக்கிரம் தீர்கிறதென்றால் முதலில் உங்கள் வலது காலைக் கவனியுங்கள். பிரேக் விளக்கு எந்நேரமும் எரிகிறது என்று பின்னால் வருபவர்கள் சொன்னால் சந்தேகமே வேண்டாம்.

பின்னால் டிரம் பிரேக் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: டிரம்முக்குள் பேடுக்குப் பதிலாக இருக்கும் ஷூ, பேடைவிட அதிக நாள் வரும், 30,000 தாண்டுவது சகஜம். பிரேக் ஆர்ம் அருகே ஒரு அம்புக்குறியும் எதிரே ஒரு அடையாளமும் இருக்கும். முழுதாக மிதித்துப் பிடிக்கும்போது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டால் ஷூ மாற்ற வேண்டும். நட்டை இறுக்கி இறுக்கிச் சமாளிப்பதற்கும் அங்கேதான் எல்லை.

இனி டிஸ்க். உங்கள் பணம் அதிகம் போகப்போகும் இடம் இதுதான், எனவே நிதானமாக.

பைக் டிஸ்க் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் வகை எஃகு. கார் டிஸ்க் வார்ப்பிரும்பு, தடிப்பானது, அதனால் லேத்தில் போட்டு ஒரு சுற்று சீவலாம். பைக்கில் புதிதாகவே நான்கு, ஐந்து மில்லிமீட்டர்தான், அதில் தேய அனுமதிப்பது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர். சீவ எங்கே இடம்? லேத்தில் பிடித்தால் சரியாக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். டிஸ்க்கின் உட்பக்கத்தில், போல்ட்டுகளுக்கு அருகே, குறைந்தபட்சத் தடிமன் என்பதன் ஆங்கிலச் சுருக்கமும் பக்கத்தில் 3.5 மிமீ என்பது போல ஓர் எண்ணும் பொறித்திருக்கும். துணியால் துடைத்தால் தெரியும். வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் டிஸ்க்கில் இருப்பதுதான் உங்களுக்குச் சட்டம்.

அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பேட் படாத வெளி விளிம்பு தேயாமல் ஒரு மேடாக நிற்கும். விரல் நகத்தை உள்ளிருந்து வெளியே இழுத்தால் தட்டுப்படும். தடிமன் அளக்கும் சாதா வெர்னியரை விளிம்பிலிருந்து நேராகக் கவ்வினால் அந்த மேட்டைத்தான் அளக்கும், தேய்ந்த டிஸ்க்கும் புதிது போலக் காட்டும். மைக்ரோமீட்டர் சரியானது. இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு நாணயங்களை பேட் ஓடும் இடத்தில் வைத்து, அவற்றோடு சேர்த்து வெர்னியரில் அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். நான்கைந்து இடத்தில் அளந்து மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அரை மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு கறார் என்றால் சூடு. ஒரு கிலோ எஃகுக்குள் 30 கிலோஜூல் இறங்கினால் ஏறத்தாழ 60 டிகிரி ஏறும், அதாவது 60-லிருந்து ஒரே ஒரு நிறுத்தம். காற்று பட்டு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்தால் அதன் மேல் இன்னும் ஏறும். டிஸ்க் மெலிய மெலிய அதே சூட்டைத் தாங்க எஃகு குறைகிறது. கூடவே மெலிந்த டிஸ்க்கும் மெலிந்த பேடும் சேர்ந்தால் பிஸ்டன் வெகுதூரம் வெளியே வந்தாக வேண்டும், வழக்கமாக எட்டாத தூரம் அது. நகரத்துக்குள் ஓட்டும்போது இதெல்லாம் தெரியவே தெரியாது. மலையில் கடைசி ஐந்து வளைவில் தெரியும்.

மாற்ற வேண்டிய டிஸ்க் எது என்றால்: எண்ணுக்குக் கீழே போனது, துளைகளின் ஓரத்திலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியது, கீழே விழுந்தோ கல் அடித்தோ வளைந்தது, நகம் தெளிவாகச் சிக்கிக்கொள்ளும் அளவுக்கு ஆழமான கோடு விழுந்தது. வளைவை டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் வைக்கும் எல்லை 0.3 மில்லிமீட்டர், சிலர் அதைவிடக் கறார். கண்ணால் பார்த்து "ஆடுது சார்" என்பது அளவு ஆகாது. இசைத்தட்டு போல மெல்லிய வட்டக் கோடுகள், மழையில் நின்ற மறுநாள் காலையில் தெரியும் துரு நிறம், லேசான நீலம் அல்லது வெண்கலச் சாயல், இவற்றுக்காக யாரும் டிஸ்க் மாற்றத் தேவையில்லை. முதல் சில பிரேக்கிலேயே அந்தத் துரு நிறம் போய்விடும்.

பிரேக் பிடிக்கும்போது லீவர் துடிக்கிறது, உடனே டிஸ்க் வளைந்துவிட்டது என்ற தீர்ப்பும் அடிக்கடி தப்பு. சூடான டிஸ்க்கோடு மலையடிவாரத்தில் வந்து பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நின்றால் பேட் பொருள் அந்த ஒரே இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திட்டு வரும்போது பிடி மாறும், கைக்குத் துடிப்பாகத் தெரியும். பேடைக் கழற்றி மேற்பரப்பை லேசாக உப்புத்தாளில் உரசி, டிஸ்க்கை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து, மறுபடி பதமாகப் பழக்கினால் பல தடவை சரியாகிவிடும். டிஸ்க் வாங்குவதற்கு முன் இந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கலாம்.

உண்மையாகவே டிஸ்க் மாற்ற வேண்டி வந்தால் பேடும் கூடவே புதிதாகப் போடுங்கள். பழைய டிஸ்க்கின் கோடுகளுக்கு ஏற்பத் தேய்ந்த பேட் புது டிஸ்க்கில் முழுதாக உட்காராது. எதிர்மாறாகப் பேட் மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கும் மாற்ற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புதுப் பைக்குகளுக்கெல்லாம் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதால், டிஸ்க் பக்கத்திலேயே பல் வெட்டிய ஒரு வளையம் இருக்கும். அது சென்சாருக்கானது. டிஸ்க்கைக் கழற்றும்போது அதை நெம்பி வளைத்துவிட்டு, பிறகு ஏபிஎஸ் விளக்கு எரிகிறது என்று தேடி அலையும் கதைகள் உண்டு. டிஸ்க் போல்ட்டுக்கு லாக் பசை போட்டு டார்க் ஸ்பேனரில் இறுக்க வேண்டும், கைக்கணக்கு வேண்டாம்.

புதுப் பேட் போட்ட அன்று இரண்டு விஷயம். வண்டியை எடுப்பதற்கு முன் நின்ற இடத்திலேயே லீவரை இறுகும் வரை நாலைந்து தடவை அழுத்துங்கள், பெடலையும். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பதால் முதல் அழுத்தலில் பிரேக்கே இருக்காது, கடை வாசலிலேயே முன்னால் நிற்கும் ஆட்டோவில் போய் மோதியவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் முதல் நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் பதமாக: 50-லிருந்து 10 வரை நடுத்தரமாகப் பிடித்து விடுவது, கொஞ்சம் ஆறவிடுவது, மறுபடி. பேட் பொருளின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிய இதுதான் வழி. முதல் நாளே அமுக்கிப் பிடித்தாலும் கண்ணாடி போல மினுக்கம் வரும், ஒரேயடியாகத் தொட்டும் தொடாமலும் ஓட்டினாலும் வரும். மினுங்கிய பேட் கீச்சிடும், பிடிக்காது, தேயவும் தேயாது. 40,000 ஓடிய பேடுகளில் சில இந்த ரகம் என்பதை உங்கள் நண்பரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில் டப்பாவின் அளவும் உங்களுக்கு ஒரு மீட்டர்தான். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும், டப்பாவில் மட்டம் குறையும். மட்டம் குறைந்தால் முதலில் பேடைப் பார்க்க வேண்டும், பிறகு கசிவை. பேடைப் பார்க்காமல் ஆயிலை மேல்வரை ஊற்றி வைத்தால், பிறகு புதுப் பேடுக்காகப் பிஸ்டனைத் தள்ளும்போது பொங்கி வழிந்து டேங்க் பெயின்டைத் தின்றுவிடும். மட்டம் எப்படியிருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்தபின் அதன் தர எல்லை 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் குமிழி, லீவர் கைப்பிடி வரை வரும், பேட் புதிதாக இருந்தும் பிரயோஜனமில்லை.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். 22,000, ஊருக்குள் ஓட்டம், நடுநடுவே மலை: பேட் மாற்றச் சொன்னதில் தப்பில்லை, இரண்டு பக்கமும் தீர்ந்திருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. கழற்றிய பழைய பேடுகளைக் கையில் வாங்கிப் பாருங்கள், நான்கும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்கின்றனவா என்று. இல்லையென்றால் காலிப்பர் சுத்தமும் ஸ்லைடு பின் கிரீஸும் பில்லில் சேரட்டும், அது நியாயமான செலவு. ஆயில் இதுவரை மாற்றவில்லையென்றால் அதுவும். டிஸ்க் விஷயத்தில் மட்டும் "அதில் பொறித்த எண் எவ்வளவு, இப்போது எவ்வளவு இருக்கிறது, அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். பொறித்த எண் 3.5, அளந்தது 3.8 என்றால் இப்போதைக்குத் தொடவே வேண்டாம், இந்தப் பேட் செட் முழுக்க ஓடும். 3.55 என்றால் இந்தச் செட் தீர்வதற்குள் எல்லையைத் தாண்டிவிடும், ஆகவே பேடோடு சேர்த்து இப்போதே மாற்றச் சொல்வது நியாயம்தான். அளக்கக் கருவி இல்லை, அனுபவத்தில் சொல்கிறேன் என்று பதில் வந்தால், பேடை மட்டும் போட்டுக்கொண்டு டிஸ்க்கை மைக்ரோமீட்டர் வைத்திருக்கும் வேறு பட்டறையில் காட்டுங்கள்.